எண்ணெய் ஆட்டத் தெரிகிறது, பணம் கேட்கத்தான் வரவில்லை

கேள்வி: எனக்கு 39 வயது. சென்னைக்கு அருகே ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் 14 வருடம் இருந்தேன். கடைசியாக வாங்கிய சம்பளம் 78,000. 2023 ஜூனில் வேலையை விட்டுவிட்டு, காங்கேயம் பக்கம் சொந்த ஊருக்கு வந்து மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்கினேன். பி.எஃப். பணமும் சேமிப்பும் 9 லட்சம், மனைவியின் நகைமேல் கடன் 4 லட்சம், மாமாவிடம் 3 லட்சம். இரண்டு செக்கு. தேங்காய் எண்ணெய், கடலெண்ணெய், நல்லெண்ணெய் ஆட்டுகிறேன். மாதம் 2.8 லட்சத்துக்கு விற்பனை. அதில் 2.1 லட்சம் கோவை, திருப்பூர், ஈரோட்டில் நாற்பது கடைகளுக்குக் கடனில் போகிறது. மீதி நேராக வீடுகளுக்கு. கடைக்குக் கொடுத்தாலும் கடலெண்ணெயில் லிட்டருக்கு 25 ரூபாய் நிற்கிறது. ஆனால் கையில் காசு இல்லை. கடைகளில் 6.2 லட்சம் பாக்கி. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் நாலு மாதமாகப் போடவில்லை. காலை 5 மணிக்கு எழுந்தால் படுக்க இரவு 11 ஆகிறது. உதவிக்கு ஒரே ஆள். பக்கத்து ஊர் செக்குக்காரர்கள் மெஷின் மக்கர் பண்ணினால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், அதற்கே வாரத்தில் ஒரு நாள் போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்களுக்குக் கூலிக்கு ஆட்டித் தருகிறேன், கிலோ 20 ரூபாய், ஒரு ஞாயிறு 150 கிலோ வரும். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 22,000. "இன்னும் எத்தனை மாசம்?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பழைய கம்பெனியில் 65,000 தருகிறோம், வா என்கிறார்கள். மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். என் எல்லை இவ்வளவுதானா? பேசாமல் மூடிவிட்டுப் போய்விடலாமா?

பெயர் வேண்டாம், காங்கேயம் வட்டம்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தோடு உங்கள் நோட்டின் பதினோரு பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். கடிதத்தை இரண்டு முறை படித்தேன், நோட்டை நாலைந்து முறை. அடுத்தவர் கணக்கைப் பார்த்தே இருபது வருடமாகப் பிழைக்கிறவன் நான். ஒருவர் எதை ஆசையாகச் செய்கிறார், எதைப் பார்த்து ஒதுங்குகிறார் என்பது அவர் கடிதத்தைவிட நோட்டில் சீக்கிரம் தெரிந்துவிடும்.

முதல் நாலு பக்கம் செக்குப் பராமரிப்பு. எந்தத் தேதியில் எந்த பேரிங் மாற்றினீர்கள், கியர் பாக்ஸில் எவ்வளவு ஆயில் ஊற்றினீர்கள், உலக்கை எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது, எல்லாம் இருக்கிறது. அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்பது சிவப்பு மையில். அச்சடித்த மாதிரி கையெழுத்து. எங்கள் ஆபீஸ் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்புறம் பாக்கிப் பக்கம். கடைப் பெயர், நேராக ஒரு தொகை. அவ்வளவுதான். சரக்கு போட்ட தேதி இல்லை, கேட்டுப் போன தேதி இல்லை, அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதும் இல்லை. இரண்டு பெயர்களின் மேல் கோடு இழுத்து ஓரத்தில் "கடை மூடியாச்சு" என்று சின்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் கூட்டினால் 48,000 ரூபாய். ஒரே ஆள் எழுதிய பக்கங்களா இவை என்று இருந்தது.

உங்கள் எல்லை இவ்வளவுதானா என்று கேட்டீர்கள். எனக்கு இந்த நோட்டில் ஓர் எல்லைதான் பளிச்சென்று தெரிகிறது: வாயைத் திறந்து பணம் கேட்க உங்களுக்கு வரவில்லை. அதைப் போய்த் 'தொழில் செய்யவே எனக்குத் தெரியவில்லை' என்று பெரிதாக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

பக்கத்து ஊர் செக்குக்காரர்கள் கூப்பிடுவதைக் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் மனசில் நின்றது. வாரத்தில் ஒரு நாள், சொந்த வண்டி, சொந்த பெட்ரோல், பதினாலு வருட அனுபவம். இதற்கு என்ன வாங்குகிறீர்கள் என்று நோட்டில் தேடிப் பார்த்தேன், எங்கேயும் வரவு இல்லை. டீயும் பன்னும் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 2024 தொடக்கத்தில் கிலோ நூறு ரூபாய்க்குள் இருந்த கொப்பரை, 2025 நடுவில் இருநூறைத் தாண்டிப் போனது உங்கள் வாசலிலேயே நடந்த கதை. காங்கேயம், வெள்ளக்கோவில் வட்டாரத்தில் கொப்பரைக் களம் வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல காலம். கொப்பரையைக் காசு கொடுத்து வாங்கி ஆட்டுகிறவர்களுக்குக் கழுத்தில் கத்தி. மற்றவர்கள் வாரத்துக்கு வாரம் விலையை ஏற்றினார்கள். நீங்கள் பழைய விலைக்கே மூன்று மாதம் கடைகளுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டிருக்கிறீர்கள். விலை ஏறியது தெரியாமல் இல்லை, கொள்முதல் பக்கத்தில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறீர்கள். கடைக்காரரிடம் போய் "அண்ணா, விலை ஏத்திட்டேங்க" என்று சொல்லத்தான் முடியவில்லை.

இது ஏன் இத்தனை நாள் உங்களுக்குத் தெரியாமல் போனது என்றால், 14 வருடமாக இது உங்கள் வேலையாக இல்லை. கம்பெனி விற்ற உதிரிபாகத்துக்கு யாரோ பில் போட்டார், யாரோ வாகனக் கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் வாசலில் உட்கார்ந்து செக் வாங்கி வந்தார். உங்களுக்கு மாதக் கடைசியில் தானாக வங்கிக்கு வந்தது. மாதச் சம்பளக்காரனுக்குத் தன் உழைப்பின் விலையை வாயால் சொல்ல வேண்டிய நாள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை வந்தால் அதிகம். தொழில் என்று வந்துவிட்டால் அதைத் தினமும் காலையில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. 2003-இல் கோவையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டு ஈரோட்டுக்கு வந்து மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றில் ஆடிட்டர் போர்டு மாட்டினேன். வேலை வந்தது, நிறையவே வந்தது. இரவு பன்னிரண்டு வரை உட்கார்ந்து பேலன்ஸ் ஷீட் போடுவேன், பில்லும் எழுதுவேன். எழுதிய பில்லை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிடுவேன். கொடுக்க வாய் வராது. "இவரே இப்பத்தான் புது லூம் வாங்கியிருக்கார்", "இவர் பொண்ணுக்குக் கல்யாணம்" என்று அவர்கள் சார்பில் நானே ஒரு காரணம் வைத்திருப்பேன். இரண்டாவது தீபாவளிக்குக் குழந்தைகளுக்குத் துணி எடுக்க மாமனாரிடம் வாங்கினேன். டிராயரில் அப்போது 1,84,000 ரூபாய்க்குப் பில் இருந்தது.

அந்த வருடம் டைப் அடிக்க ஓர் அம்மா சேர்ந்தார். பத்தாவது வரை படித்தவர். ஏதோ ஸ்டாப்ளர் பின் தேடும்போது டிராயரைத் திறந்துவிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் நான் வெளியே போயிருந்தபோது போனை எடுத்திருக்கிறார். "ஆடிட்டர் ஆபீஸுங்க. பில் ஒண்ணு பாக்கி இருக்குங்களாம். பையனை இன்னிக்கு அனுப்பட்டுங்களா, நாளைக்கு அனுப்பட்டுங்களா?" கொடுப்பீர்களா மாட்டீர்களா என்ற கேள்வியே அதில் கிடையாது, இன்றைக்கா நாளைக்கா என்பது மட்டும்தான். ஏழு வாரத்தில் முக்கால்வாசி வந்துவிட்டது. யாரும் கோபப்படவில்லை. "இத்தனை நாளா ஏங்க பில்லு குடுக்கல?" என்றுதான் கேட்டார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, மூச்சும் வந்தது. இன்றைக்கும் என் ஆபீஸில் பில் நான் கொடுப்பதில்லை.

அதனால் முதல் வேலை, கேட்கிற வாய் ஒன்றை வெளியிலிருந்து பிடியுங்கள். மனைவி தலையில் கட்டிவிடாதீர்கள், அவருக்கு ஏற்கெனவே பள்ளிக்கூடமும் வீடும் இருக்கிறது. நீங்கள் எண்ணெய் போடும் அதே கடைகளுக்கு நாட்டுச் சர்க்கரையோ சிறுதானியமோ போடுகிற ஒருவர் கட்டாயம் இருப்பார். வாரா வாரம் வசூலுக்கு அவரே போவார், இல்லையென்றால் ஆள் அனுப்புவார். உங்கள் பில்களையும் அவரிடம் கொடுத்து, வசூலாவதில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சந்தோஷமாகச் செய்வார்கள். அதோடு, இனிமேல் பில் டு பில். பழைய பில்லுக்குப் பணம் வந்த பிறகுதான் புதுப் பெட்டி இறங்கும். அதைச் சொல்லுகிற வாயும் அவருடையதாகவே இருக்கட்டும்.

பாக்கியில் தனியாக ஒன்று இருக்கிறது. ஒரு சூப்பர் மார்க்கெட் மட்டும் 1.4 லட்சம் வைத்திருக்கிறது. அங்கே வேறு வழி உண்டு. உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, செய்திருக்கிறீர்களா? கடிதத்தில் சொல்லவில்லை. செய்யாவிட்டால் ஆதாரையும் பான் கார்டையும் வைத்துக்கொண்டு இன்றைக்கே செய்யுங்கள், அரசு இணையதளத்தில் இலவசம், இடைத்தரகருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். பதிவுக்குப் பிறகு நீங்கள் போடும் சரக்குக்கு 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் துணைக்கு வரும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள், அதற்குள் வாங்கியவர் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இன்னொரு பிடியும் வந்திருக்கிறது. குறு, சிறு உற்பத்தியாளருக்கு இந்தக் கெடுவுக்குள் தராத பணத்தை, உண்மையில் தருகிற வருடத்தில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். செலவு குறைந்தால் வரி கூடும், அதனால் பெரிய கடையில் மார்ச் மாதம் ஆனால் அவர்களுடைய ஆடிட்டரே போன் போட்டு "அந்த எண்ணெய்க்காரருக்குக் கொடுத்துத் தொலையுங்கள்" என்பார். உங்கள் பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சடித்தால் போதும், கேட்காமலே கேட்ட மாதிரி. பன்னிரண்டாயிரம் பாக்கி வைத்திருக்கும் தெருமுனைக் கடையிடம் இதைப் பேசிப் பயன் இல்லை. அங்கே ஆள் போய் நிற்கத்தான் வேண்டும்.

சரி, இப்போது அந்த 25 ரூபாய்க்கு வருவோம்.

உங்கள் கடலெண்ணெய்க் கணக்கை உங்கள் எண்களை வைத்தே திரும்பப் போட்டேன். ஒரு லிட்டருக்கு 2.4 கிலோ நிலக்கடலைப் பருப்பு, கிலோ 120 வீதம் 288 ரூபாய். புண்ணாக்கு 1.4 கிலோவை 45 வீதம் விற்றால் 63 திரும்பி வருகிறது. ஆக 225. பாட்டில், லேபிள், அட்டைப்பெட்டி 22. மொத்தம் 247. பாட்டிலில் அச்சடித்த விலை 340, கடைக்கு 20 சதவீதம் கழித்து 272. அதனால் 25 நிற்கிறது என்கிறீர்கள். கூட்டல் கழித்தல் சரிதான். ஆனால் ஷெட் வாடகை 8,000, ஆள் சம்பளம் 15,000, கரண்ட் 6,000, வண்டிக்குப் பெட்ரோல் 7,000, இதெல்லாம் வேறு பக்கத்தில் 'மாதச் செலவு' என்று தூங்கிக்கொண்டிருக்கிறது. கூட்டினால் 36,000. எல்லா எண்ணெயும் சேர்த்து மாதம் சுமார் 950 லிட்டர் போடுகிறீர்கள். லிட்டருக்கு 38 ரூபாய் விழுகிறது. அடக்கம் 285. கடைக்கு 272-க்குக் கொடுக்கும்போது லிட்டருக்கு 13 ரூபாயைச் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறீர்கள், அதுவும் மூன்று மாதக் கடனில். காலை ஐந்து மணியிலிருந்து நீங்கள் உழைக்கிறீர்களே, அதற்குக் கூலி என்று இதில் ஒரு பைசாகூட நான் வைக்கவில்லை.

வீடுகளுக்கு 340-க்கே விற்கிறீர்கள். அதில் 55 நிற்கிறது. மற்ற எண்ணெய்களும் ஏறக்குறைய இதே கதை என்று வைத்துக்கொண்டால், வீடுகளுக்குப் போகும் 200 சொச்சம் லிட்டரில் மாதம் 11,000 கிடைக்கிறது, கடைகளில் பத்தாயிரத்துக்குப் பக்கமாகப் போகிறது. மிச்சம் ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ. அதே மாதத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமை கூலிக்கு ஆட்டியதில் 12,000 வந்திருக்கிறது. கரண்ட் செலவுகூட மேலே சொன்ன 36,000-இல் ஏற்கெனவே அடக்கம்.

இதைப் போட்டுவிட்டு நானே ஒரு முறை சரிபார்த்தேன். லேபிள் டிசைனுக்கு மட்டும் 35,000 செலவு செய்த பிராண்டைவிட, ஊர்ப் பாட்டி மூட்டையில் கட்டிக்கொண்டு வரும் கொப்பரைதான் உங்களுக்குச் சோறு போடுகிறது. சரக்கு வாங்க முதல் வேண்டாம், பாட்டில் வேண்டாம், கடன் கிடையாது. எண்ணெயைக் கையில் வாங்கும்போதே காசைக் கொடுத்துவிடுவார்கள். கேட்கவே வேண்டியதில்லை, அளந்து செய்த மாதிரி உங்களுக்கென்றே ஒரு வேலை! ஆனால் அதை ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். 'இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டு வந்து கூலிக்கு ஆட்டுகிறானாம்' என்று ஊரில் பேசுவார்களே என்றுதானே? நான் ஊகிப்பது தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

அதற்காகக் கடைகளை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் அந்த 36,000-இல் பெரும்பகுதி வீட்டு வாடிக்கையாளர்களின் 200 லிட்டர் தலையில் விழும். பாக்கிப் பட்டியலைப் பார்த்ததில் பதினோரு கடைகள் ஒழுங்காகத் தருகின்றன. பெயர்களைத் தனியாக எழுதி அனுப்புகிறேன். அவற்றை வைத்துக்கொள்ளுங்கள், கழிவை 20-லிருந்து 15 சதவீதமாகக் குறையுங்கள். லிட்டர் 289 ஆகும். இரண்டு கடை போனாலும் போகட்டும். மற்றவை பழைய பாக்கியைத் தீர்க்கும்வரை ஒரு பாட்டில் கூடாது. கோவைக்கு வாரம் மூன்று முறை போவது ஒரு முறையாகக் குறையும். கிடைக்கும் நேரத்தில் புதன்கிழமையும் கூலிக்கு ஆட்டலாம். ஞாயிறு அளவுக்குக் கூட்டம் வராது, நூறு கிலோ வந்தாலே மாதம் 8,000.

ஜி.எஸ்.டி. பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வரி கட்ட வேண்டிய ரிட்டர்ன் தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், ஓர் உச்சவரம்புவரை ஏறும். அது போனால் போகிறது. தொடர்ந்து போடாமல் விட்டால் பதிவையே ரத்து செய்ய நோட்டீஸ் வரும், அந்தத் தலைவலி வேறு. உங்கள் விற்றுமுதல் வருடத்துக்கு 33, 34 லட்சம். பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் பதிவு கட்டாயமாவது 40 லட்சத்துக்கு மேல்தான். யாரோ கடைக்காரர் கேட்டார் என்று நீங்களாகப் போய்ப் பதிவு செய்திருக்கிறீர்கள். முதலில் அந்த நாலு மாதத்தையும் போட்டு முடியுங்கள். பதிவை வைத்துக்கொள்வதா, அடுத்த நிதியாண்டிலிருந்து காம்போசிஷனுக்கு, அதாவது விற்பனையில் 1 சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் எளிய திட்டத்துக்கு, மாறுவதா என்பதை அப்புறம் உட்கார்ந்து பேசலாம். காம்போசிஷனில் இருந்தால் கேரளாவுக்கோ பெங்களூருக்கோ விற்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இந்த வேலையை நீங்கள் செய்யவே வேண்டாம். உள்ளூரில் மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்குச் செய்து தர ஆள் இருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கியர் பாக்ஸைப் பிரிக்கிற ஆள், ரிட்டர்னை நாலு மாதம் தொடவில்லை என்றால் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைக்க மாட்டேன். உங்கள் கை அங்கே போகாது. 'தன் கையே தனக்கு உதவி' என்று சின்ன வயதில் நமக்குச் சொல்லிக் கொடுத்ததை, எல்லாவற்றையும் நானே செய்தால்தான் மிச்சம் என்று நம்மில் பலர் எடுத்துக்கொண்டுவிட்டோம்.

வேலைக்குத் திரும்புவது பற்றி. வீட்டுச் செலவு 35,000 என்று எழுதியிருக்கிறீர்கள். மனைவியின் 22,000 போக 13,000 வேண்டும். நகைக்கடன் வட்டி மூவாயிரம் சொச்சம். குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்கு மாதம் கொஞ்சம் எடுத்து வைத்தால், இருபதாயிரம் கையில் வந்தால் குடும்பம் ஓடும். கூலிக்கு ஆட்டுவது இரண்டு நாள், ஒழுங்கான பதினோரு கடை, இப்போதுள்ள வீடுகள், பக்கத்து ஊர் ரிப்பேருக்கு நியாயமான கூலி, இவ்வளவையும் கூட்டினால் இருபதைத் தொடுகிறது. கொஞ்சம் இழுத்துப் பிடித்துத்தான் தொடுகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. 78,000-ஐ இந்த இரண்டு செக்கு எந்தக் காலத்திலும் தராது. அது உங்கள் குறை கிடையாது, அந்த உலக்கை ஒரு நாளைக்குச் சுற்றக்கூடியது அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் இந்த மாதக் கடைசியில் பதில் சொல்லாதீர்கள். ஆறு மாதம் டைம் கேளுங்கள். தரவில்லையா, விடுங்கள். மெயின்டனன்ஸில் பதினாலு வருடம் இருந்தவரை இன்னொருவர் கூப்பிடுவார், அதற்கு ஒரகடம்வரைகூடப் போக வேண்டாம், பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டையிலேயே ஆள் தேடுகிறார்கள். ஆனால் மனைவிக்கு இந்த வாரமே பதில் சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்பது பதில் கிடையாது. ஆறு மாதம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி இருபதாயிரத்தை அவர் கையில் கொடுக்கிறேன், அடுத்தடுத்து இரண்டு மாதம் தவறினால் நானே கம்பெனிக்குப் போன் போடுகிறேன், மிச்ச நகையைத் தொட மாட்டேன் என்று சொல்லுங்கள். ஒரு பேப்பரில் எழுதி பீரோ கதவில் ஒட்டிவிடுவது இன்னும் நல்லது. மாமாவின் மூன்று லட்சத்துக்கு வட்டி இல்லை என்று அதைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள். வசூலாகும் பழைய பாக்கியிலிருந்து முதல் ஐம்பதாயிரத்தைக் கொண்டுபோய் அவரிடம் கொடுங்கள். பார்க்கும்போதெல்லாம் "எப்படிப்பா போகுது?" என்று அவர் கேட்பது அதோடு நின்றுவிடும்.

ஆள் போட்டுச் சரிசெய்ய முடியாத எல்லைகளும் உண்டு. பணம் கேட்க ஆள் கிடைத்ததும் எனக்கு ஒரு துணிச்சல் வந்து, 2009-இல் திருப்பூரில் ஒரு கிளை போட்டேன். ஆபீஸ் ஒன்று, ஆட்கள் ஒன்பது பேர், கண்ணாடிக் கதவு எல்லாம். பதினாலு மாதத்தில் மூடினேன். கண் எதிரில் இல்லாத ஆட்களிடம் வேலை வாங்க என்னால் முடியவில்லை. நம்பி விட்டால் தேதி தவறியது, நம்பாமல் நானே போனால் இங்கே நாறியது. மேலாளர் ஒருவரைப் போட்டுப் பார்த்தேன், அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதற்கப்புறம் பதினைந்து வருடம் ஓடிவிட்டது. இன்றைக்கும் ஆபீஸில் எட்டுப் பேர்தான், எல்லோரும் என் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான். என்னோடு படித்தவர்கள் நாலு ஊரில் கிளை வைத்திருக்கிறார்கள். சில நாள் உறுத்தும். ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்கி எழுந்தால் உறுத்தாது.

உங்களுக்கு அப்படி எது என்று இப்போதே தெரியாது. உடம்பாக இருக்கலாம் என்று ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. இரண்டு பக்கத்தில் 'முதுகு வலி, ஆட்டவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு மணி நேரத் தூக்கத்தில் மூட்டை தூக்கினால் நாற்பதுக்கு மேல் அது சும்மா விடாது. மூட்டை தூக்க ஆளை வைத்துக்கொண்டு, வடிகட்டும் வேலையையும் அவருக்கே பழக்கிவிடுங்கள்.

நோட்டில் ஒரு மாற்றம் செய்யுங்கள். பாக்கிப் பக்கத்தையும் பேரிங் பக்கம் மாதிரியே எழுதுங்கள். சரக்கு போட்ட தேதி, தொகை, ஆள் போன தேதி, அவர்கள் சொன்ன வார்த்தை, அடுத்து போக வேண்டிய நாள் சிவப்பு மையில். இயந்திரம் என்று நினைத்துக்கொண்டால் உங்கள் கை தானாக எழுதும்.

அப்புறம், பக்கத்து ஊர்க்காரர் எப்படியும் இந்த வாரம் கூப்பிடுவார். வண்டிச் சாவியை எடுப்பதற்கு முன்னால் போனிலேயே, "வந்து பார்க்க ஐந்நூறு ரூபாய்ங்க, வேலை இருந்தா கூலி தனிங்க" என்று சொல்லிப் பாருங்கள். இதற்கு மட்டும் வேறு ஆள் வேண்டாம், நீங்களே சொல்லுங்கள். சொன்ன பிறகு அந்தப் பக்கம் இரண்டு மூன்று விநாடி சத்தமே வராது. அந்த நேரத்தில் "இல்லைங்க, பரவால்லைங்க" என்று வாய் வந்துவிடும், பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருங்கள். என்ன ஆனது என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆடிட்டர்